திரும்பி வந்த காவல் நாய்

மார்க்கம் அனுமதித்தபடி ஆடுகளின் காவலுக்கென எங்கள் தோப்பில் 12 ஆண்டுகள் இருந்த நாய், பார்வை மங்கிய முதுமையில், ஒரு மழையிரவில் காணாமற்போனது. நாங்கள் தேடவில்லை, தொல்லை தீர்ந்ததென்றே எண்ணினோம். ஒன்பதாம் நாள் ஃபஜ்ரு தொழுது திரும்புகையில், எலும்பும் தோலுமாய் அது ஆட்டுப்பட்டியின் வாசலில் படுத்திருந்தது. வெட்கித் தலைகுனிந்தோம்.

நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழுமுறை கழுவப் பணித்த நபி (ஸல்) அவர்கள்தாம், தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான் என்றும் அறிவித்தார்கள். தூய்மைச் சட்டம் பாத்திரத்தைக் கழுவச் சொல்கிறது; இரக்கத்தைக் கழுவிவிடச் சொல்லவில்லை. குகைவாசிகளின் வாசலில் கிடந்த நாயையும் குர்ஆன் (18:18) குறிப்பிடுகிறது.

உழைத்து ஓய்ந்த வாயில்லா ஜீவன் நம்மிடமுள்ள அமானிதம். அதற்குரிய உணவும் நீரும் நிழலும் குறித்து நாளை மறுமையில் நாம் பதில் சொல்ல வேண்டாமா?