ஒய் குரோமோசோமும் குலப்பெருமையும்

இலுப்பூரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் கைப்பேசியை நீட்டினார். காசு கட்டி வாங்கிய டிஎன்ஏ ரிப்போர்ட். "எம்130 வந்திருக்கு தம்பி. நாமதான் ஆதிக்குடி. மத்தவனெல்லாம் பொறகு வந்தவன்!" சாம்பார் ஊற்ற வந்தவரின் கை ஒரு நிமிஷம் நின்றது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் ஜோதிமாணிக்கத்தில் இந்த எம்130ஐக் காட்டியபோது, ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியா வரை போனவர்களின் தடம் என்றுதான் சொன்னார்கள். யாருக்கும் குலப்பட்டம் கட்டவில்லை. மங்கோலியாவில் ஆடு மேய்ப்பவர்களிடமும் இதே குறி உண்டு. அவர்களையும் பங்காளி என்று பந்தியில் உட்கார வைப்போமா?

ஒய் குரோமோசோம் அப்பனுக்கு அப்பன் வழியாக மட்டுமே வரும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1024 மூதாதையர் இடங்கள். (மாமன் மகளைக் கட்டும் நம்மூரில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்திருப்பார், அது வேறு.) அதில் ஒரே ஒருவரின் சங்கதியைத்தான் ஒய் சொல்லும். மீதி 511 ஆண்களும் 512 பெண்களும் எங்கே போனார்கள்?

ஒய்யின் முழு வரைபடமே 2023இல்தான் வந்தது. சுமார் 6.2 கோடி எழுத்துகள்; அதில் 3 கோடிக்கு மேல் அதுவரை வெற்றிடம். முழுதாகப் படிக்கப்பட்டது ஒரு யூதரின் ஒய். ஆய்வாளர்கள் இன்று மற்றவர்களுடையதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஆதிக்குடிப் பெருமைக்கு இது எப்படி இருக்கு?

"அப்ப ரிப்போர்ட்டு பொய்யா?" என்றார்.

"பொய்யில்லண்ணே. ஒங்க அப்பத்தாளும் அம்மாயியும் அதுல எங்க இருக்காகன்னு காட்டுங்க."

பாயசம் வந்துவிட்டது.