கோயில் மண்டபத்துல கதைப் புத்தகம் படிக்கலாமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு நிதானமா படிங்க.

போன வாரம் நம்ம புலனக் குழுவுல ஒரு அன்பர் ஒரு கேள்வி போட்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்கால பூஜை முடிஞ்சதும் மண்டபத்து ஓரத்துல ஏழெட்டு பேரு உக்காந்து கதை, கவிதைன்னு படிக்கிறாங்க. இது கோயிலா, நூலகமா? அந்தப் புத்தக அலமாரிய எடுத்துட்டா அன்னதான நாற்காலி அடுக்க இடம் கிடைக்குமே" அப்படின்னு. அதுக்கு நிறைய பேரு கட்டை விரலும் தூக்கியிருந்தாங்க.

கேட்டவர் மேல எனக்கு வருத்தம் இல்ல. இடம் இல்லைங்கிறது உண்மைதான். இந்த மலையில சாரல் அடிச்சு நனைஞ்சு போற நாற்காலிய துடைச்சு வைக்கிறவங்கள்ல நானும் ஒருத்தன். ஆனா அந்த அலமாரி போகக் கூடாது, அந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரமும் போகக் கூடாது. இது என் கருத்து.

முதல்ல கோயில் விஷயத்துக்கே வர்றேன். கம்பர் ராமாயணத்த எங்க அரங்கேற்றினார்? ஸ்ரீரங்கத்துல. தாயார் சன்னதிக்கு எதிர்ல கம்பர் மண்டபம்னு இன்னைக்கும் காட்டுவாங்க. சேக்கிழார் பெரிய புராணத்த அரங்கேற்றினது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்துலன்னு நமக்கெல்லாம் சொல்லியிருக்காங்க. புத்தக வெளியீட்டு விழாவே அந்தக் காலத்துல கோயில்லதான் நடந்திருக்கு. அவ்வளவு ஏன், சஷ்டிக்கு சஷ்டி நாம சேர்ந்து பாடுற கந்த சஷ்டி கவசம் தேவராய சுவாமிகள் எழுதினது. எழுத்துன்னு ஒண்ணு இல்லன்னா நம்ம வாயில பாட்டே இருக்காது. சாமி பாட்டு வேற, கதை வேறன்னு சிலர் சொல்வாங்க. வேறதான், ஒத்துக்கிறேன். அதனாலதான் பூஜை முடிஞ்சு நடை சாத்தின பிறகு படிக்கிறோம். மணி அடிக்கிற நேரத்துல யாரும் புத்தகத்த தொறக்கிறதில்ல.

இப்ப நம்ம நாட்டு விஷயம். தோட்டத்துல வாழ்ந்த நம்ம ஆளுங்க படிக்காதவங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. அது பாதி உண்மை. எழுத்து தெரியாதவங்க நிறைய பேரு, சரி. ஆனா லயத்து வாசல்ல விளக்க வச்சு ஒருத்தர் சத்தமா படிக்க, சுத்தி உக்காந்து பத்து பேரு கேக்கிற பழக்கம் இருந்துச்சு. பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, பாரதம், அதுக்கப்புறம் பேப்பர். தமிழ் நேசன் 1924-ல தொடங்கினது. தமிழ் முரசு 1935-ல. ஒரு பேப்பர் வந்தா அத ஒரு வரிசை வீடே படிக்கும்.

அதோட நிக்கல. 1950-ல சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சேர்ந்து தமிழ் நேசன்ல "கதை வகுப்பு" நடத்தினாங்க. கதை எப்படி எழுதுறதுன்னு பேப்பர்லயே பாடம். பள்ளிக்கூடம் இல்ல, கட்டணம் இல்ல, வயசு கணக்கு இல்ல. 1952-ல கு. அழகிரிசாமி தமிழ்நாட்டுல இருந்து நேசனுக்கு ஆசிரியரா வந்து, 1957 வரைக்கும் இங்க இருந்து உள்ளூர் எழுத்தாளர்கள தட்டிக் கொடுத்தார். அதே காலத்துல முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி பிள்ளைகளுக்காக மாணவர் மணிமன்றம்னு பத்திரிகையில இடம் ஒதுக்கினார். அதுல எழுதின பிள்ளைங்க ஊருக்கு ஊரு, தோட்டத்துக்கு தோட்டம் மணிமன்றம்னே சங்கம் வச்சாங்க. படிச்சவன் தனியா படிச்சிட்டு போகல பாருங்க, கூட்டம் சேத்தான். என் அப்பா தலைமுறை ஆளுங்ககிட்ட "மணிமன்றம்"னு சொல்லிப் பாருங்க, முகமே மாறிடும். நாடகம் போட்டது, பட்டிமன்றம் பேசினது, பாட்டு எழுதினதுன்னு நிறுத்தாம சொல்வாங்க. கூலி கம்மி, வீடு ஒழுகும், அட்டை கடிக்கும். ஆனா சாயங்காலம்னு ஒண்ணு அவங்களுக்கு இருந்துச்சு.

நமக்கு இருக்கா? நான் கேக்கிறது அதத்தான்.

நான் தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு வரைக்கும், அப்புறம் இடைநிலைப்பள்ளியில மலாய்ல எஸ்.பி.எம். அதுக்கு மேல படிக்கல. என் தமிழ் தேஞ்சு போகாம இருந்ததுக்கு ஞாயிறு பேப்பர்தான் காரணம். அதுல வர்ற சிறுகதைய வெட்டி பிஸ்கட் டின்னுல போட்டு வைப்பேன். 2019-ல நேசன் நின்னு போனப்ப, கிட்டத்தட்ட 95 வருஷ பேப்பர், நம்ம புலனக் குழுவுல ரெண்டு நாள் வருத்தம் தெரிவிச்சோம். மூணாவது நாள் எல்லாரும் காலை வணக்கம் படத்துக்கு போயிட்டோம். அதையும் சொல்லத்தானே வேணும்.

ஃபேக்டரியில என் வேலை ராத்திரி ஷிஃப்டுன்னா கொழுந்து வாட்டுற இடத்துலதான் பாதி நேரம். பறிச்சு வந்த கொழுந்து ராத்திரி பூரா காத்துல வதங்கும். அவசரப்படுத்தினா காலையில ரோலர்ல போடும்போது இலை ஒடஞ்சு தூளாகிடும். ஓய்வு நேரத்துல கேண்டீன் மூலையில உக்காந்து நாலு பக்கம் படிப்பேன். பக்கத்துல இருக்கிற நேப்பாளத்து தம்பி, பங்களாதேஷ் தம்பி எல்லாரும் கைப்பேசியில அவங்க அவங்க ஊர பாத்துக்கிட்டு இருப்பாங்க. எனக்கு எந்த ஊர பாக்கிறதுன்னு யோசிச்சா, புத்தகத்துலதான் என் ஊரு இருக்கு.

இத நான் சும்மா அழகுக்கு சொல்லல. தேயிலைக்காரன் கதைய தமிழன் எழுதி வச்சிருக்கான். இலங்கையில சி.வி. வேலுப்பிள்ளைன்னு ஒருத்தர், தோட்டத்துலயே பிறந்தவர், மலையகத்து ஆளுங்க பாடுற பாட்டெல்லாம் தேடித் தேடி தொகுத்தார். வால்பாறை தோட்டத்துல டாக்டரா இருந்த பி.எச். டேனியல் 1969-ல ஒரு நாவல் இங்கிலீஷ்ல எழுதினார். இரா. முருகவேள் அத "எரியும் பனிக்காடு"ன்னு தமிழ்ல கொண்டு வந்தார். பாலாவோட "பரதேசி" படம் பாத்து அழுதோமே, அது இந்தக் கதைய வச்சு எடுத்ததுதான். நம்ம கேமரன் மலையில ரசல் துரை 1929-ல போ தோட்டத்த ஆரம்பிச்சப்ப காட்ட அழிச்சு கன்று நட்ட கைங்களும் அந்த மாதிரி கைங்கதான். அந்தப் புத்தகத்த வாசிக்கும்போது எங்க கூட்டத்துல கொழுந்து பறிச்சு ஓய்வு வாங்கின ஒரு அக்கா, "நிறுத்து தம்பி, கூடை கயிறு நெத்தியில அழுத்துறது எப்படி இருக்கும்னு நான் சொல்றேன்"னு ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு மூணு பக்கம்தான் ஓடுச்சு.

இன்னொரு நாள் சயாம் ரயில் பத்தின நாவல் எடுத்தோம், ஆர். சண்முகம் எழுதினது, "சயாம் மரண ரயில்". அ. ரெங்கசாமியோட "நினைவுச் சின்னம்" கூட அதே விஷயந்தான். ஜப்பான்காரன் காலத்துல நம்ம தோட்டத்து ஆளுங்கள ஆயிரம் ஆயிரமா கொண்டு போய் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வச்சானே, அந்தக் கதை. பேராக் கித்தா தோட்டத்துல இருந்து இந்த மலைக்கு மருமகளா வந்த ஒரு பாட்டி, எழுத்து தெரியாது, எப்பவும் தூணுல சாஞ்சு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. அன்னைக்கு திடீர்னு, "எங்கப்பாவ அப்படித்தான் கொண்டு போனாங்க. திரும்பி வரல"ன்னாங்க. அவங்க மகனுக்கே அறுபது வயசாகப் போவுது, அவருக்கு இது தெரியாது. பக்கத்துல உக்காந்திருந்தவர் அம்மா கைய பிடிச்சுக்கிட்டார். நாங்க அதுக்கு மேல வாசிக்கல.

இதுக்கு பேரு சந்தோஷமான்னு கேப்பீங்க. அடுத்த ஞாயிறு அந்தப் பாட்டி எங்களுக்கு முன்னாடியே வந்து, பாய விரிச்சு, "இன்னைக்கு எத படிக்கப் போறீங்க"ன்னு கேட்டாங்க. எனக்கு தெரிஞ்ச சந்தோஷம் அதுதான். பட்டாசு மாதிரி வெடிக்கிறது இல்ல, வாரத்துல ஒரு நாளுக்கு நம்ம காத்திருக்கிறது. நம்ம சொல்றத கேக்கிறதுக்கு நாலு பேரு இருக்காங்கன்னு தெரியுறது.

எழுதுறவங்களும் இருக்காங்க. காய்கறி லோரி ஓட்டுற ஒரு தம்பி டெலிவரி சீட்டு பின்னால கவிதை எழுதுவார். ரிங்லெட் இறக்கத்துல மூடுபனி பத்தி எழுதினது நல்லா இருந்துச்சு. அம்மா பத்தி எழுதினது சுமார்தான், அதையும் முகத்துக்கு நேராவே சொன்னோம். கோவப்படல, திருத்தி கொண்டு வந்தார். வீட்டுல யாரும் கேக்க மாட்டாங்களாம், "கரண்ட் பில்லு கட்டுனியா"ன்னுதான் கேப்பாங்களாம். எழுதுறவனுக்கு பெரிய மேடை வேண்டாங்க. முழுசா கேட்டுட்டு "இந்த எடம் சரியில்ல"ன்னு சொல்ற ஒரு ஆள் போதும்.

"கைப்பேசியிலயே எல்லாம் இருக்கே, புத்தகம் எதுக்கு"ன்னு எங்க வீட்டு பிள்ளைங்களும் சொல்லுது. கைப்பேசியில படிக்கட்டும், தப்பே இல்ல. படிச்சத வந்து சொல்லட்டும். தமிழ்ப்பள்ளிகள்ல பிள்ளைங்க குறைஞ்சுகிட்டே வருது, இருக்கிற பிள்ளைங்களும் வளந்தா கோலாலம்பூர், சிங்கப்பூர்னு இறங்கிடுது. தைப்பூசத்துக்கு வருவாங்க, படம் எடுப்பாங்க, போவாங்க. பாட்டி ஒரு கதை கேட்டு அப்பா பேர சொன்ன மாதிரி, அவங்க சொல்றதுக்கும் கேக்கிறதுக்கும் இங்க ஒரு எடம் இருந்தா இன்னும் ரெண்டு நாள் தங்குவாங்களோ என்னவோ.

நாற்காலி பிரச்சனைக்கு வழி இருக்கு. மேடைக்கு அடியில பழைய தகர சாமான் கிடக்கு பாருங்க, யாருக்கும் உதவாது. அத அள்ளிட்டா நாற்காலி பூரா உள்ள போயிடும். நானும் லோரி தம்பியும் வர்ற சனிக்கிழமை காலையில அந்த வேலைய செய்யறதா இருக்கோம். இன்னும் ரெண்டு பேரு கை கொடுத்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். நிர்வாகத்துல தலைவர்கிட்ட சொல்லிட்டேன், அவர் சரின்னுட்டார்.

வீட்டுல பழைய தமிழ்ப் புத்தகம் இருந்தா பேப்பர்காரர்கிட்ட எடைக்கு போட்டுறாதீங்க, கொண்டு வாங்க. இந்த மலை ஈரத்துல பூசணம் பிடிக்கும், அதனால பிளாஸ்டிக் பையில சுத்தி கொண்டு வாங்க. வர்ற ஞாயிறு அழகிரிசாமி கதை ஒண்ணு வாசிக்கிறோம். கொண்டைக்கடலை சுண்டல் ஒரு அன்பர் உபயம். கேள்வி கேட்ட அன்பரும் அவசியம் வரணும், அவருக்கு ஒரு நாற்காலி எடுத்து வைக்கிறேன்.