தேங்காய்க்கும் உடைமைக்காரர் உண்டு



தீவுப் பயணம் என்றாலே வெள்ளை மணலையும் நீலக் கடலையும்தான் எழுதுகிறார்கள். அங்கே வாழும் மனிதர்களைப் பற்றியும் வெளியிடுங்கள்.

பனாமாவின் கரீபியன் கரையோரமுள்ள குனா யாலா தீவுகளுக்கு நண்பர்கள் நால்வர் பாய்மரப் படகில் போயிருந்தோம். நங்கூரம் போட்டதுமே, மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் ஒரு குனா பழங்குடி அம்மாள் பேத்தியோடு வந்தார். மடி நிறைய மோலாத் துணிகள். துணி மேல் துணி அடுக்கி, மேலடுக்கை வெட்டி மடித்துத் தைத்த ஆமை ஒன்றை என் கையில் வைத்தார். தையல் கண்ணுக்கே தெரியவில்லை! பேரம் பேச மனம் வரவில்லை.

கரையில் விழுந்து கிடந்த தேங்காயை நண்பர் ஒருவர் எடுக்கப் போனபோது, அந்த அம்மாள் சிரித்தபடியே தடுத்தார். அங்கே ஒவ்வொரு தென்னைக்கும் உடைமைக்காரர் உண்டு. பிறகு தன் குடிசைக்கு அழைத்துப்போய், தன் மரத்து இளநீரைச் சீவித் தந்தார். காசு வாங்கவே இல்லை.

1925-இல் கிளர்ந்தெழுந்து தன்னாட்சிக்கு வழி திறந்தவர்கள் குனா மக்கள். கடல் ஏறுவதால் அங்குள்ள கார்டி சுக்டுப் தீவின் சுமார் 300 குடும்பங்களுக்கு 2024-இல் பெருநிலத்தில் புது வீடுகள் கொடுக்கப்பட்டன. அந்தத் தீவுகளுக்குப் போகிறவர்கள் கேட்டுக் கரையேறுங்கள், கேட்டுப் படம் எடுங்கள்.

ஒரு வாசகி,
தூத்துக்குடி