துருப்பு எப்போது துருப்பாகிறது?

இருபத்தெட்டு ஆடுகிற இடத்தில் சண்டை வராமல் இருக்குமா? 32 சீட்டு, நாலு பேர். முதல் நாலு சீட்டைப் பார்த்து ஏலம் கேட்டு, ஜெயித்தவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். மீதி நாலு பிறகுதான் வரும். இறங்கிய இனம் கையில் இல்லாதவர் துருப்பைக் காட்டச் சொல்லலாம். கேட்காமல் வேறு சீட்டைக் கழிக்கவும் செய்யலாம்.

சிக்கல் இங்கேதான். இஸ்பேட் இறங்குகிறது. இரண்டாமவர் கேட்காமல் ஹார்ட்டின் எட்டைக் கழிக்கிறார். மூன்றாமவர் துருப்பைக் கேட்கிறார். திறந்தால் ஹார்ட்டின்! மற்ற யாரும் ஹார்ட்டின் போடவில்லை. அந்த எட்டு வெட்டியதா, இல்லையா?

"கவிழ்த்து வைத்தபோதே அது துருப்புதானே" என்பது ஒரு கட்சி. என் கட்சி, வெட்டாது. கேட்பதற்கு ஒரு விலை உண்டு; துருப்பு எல்லோருக்கும் தெரிந்துபோகும். அந்த விலையைக் கொடுக்காதவருக்கு லாபம் மட்டும் எப்படி? அதிலும் அவரே ஏலம் எடுத்தவர் என்றால்? தெரிந்தே போட்டுவிட்டு, எதிராளி கேட்கட்டும் என்று காத்திருப்பார்!

யாழ்ப்பாணத்து 304இல் கவிழ்த்துப் போட்ட துருப்பு வெட்டும், உண்மைதான். ஆனால் அங்கே கவிழ்த்துப் போடுவதே ஒரு அறிவிப்பு. இங்கே திறந்தல்லவா போடுகிறோம்?

பி.காம்.காரர்களுக்கு இது புதிதல்ல. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, சம்மதக் கடிதம் தபாலில் சேரும்வரைதான் முன்மொழிந்தவர் பின்வாங்கலாம். செய்த நேரத்துக்குத்தான் மதிப்பு.

சீட்டைக் கலைக்கும் முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். எட்டு விழுந்த பிறகு பேசினால் அது விதியாகாது, வீம்பாகத்தான் இருக்கும்.