சட்டைப்பை வானொலி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது

விலை குறைந்த சிறிய வானொலி ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று ஆய்வு மாணவர்கள் சிலர் அண்மையில் கேட்டனர். இரவில் கைப்பேசியை அணைத்துவிட்டுச் செய்தியும் இசையும் கேட்க விரும்புவோர் அவர்கள். என் விடை மிகச் சுருக்கமானது: பண்பலை மட்டும் உள்ள பெட்டியை வாங்காதீர்கள், மத்திய அலையும் உள்ள பெட்டியை வாங்குங்கள். இதைச் சொன்னவுடன், “மத்திய அலையை இன்று யார் கேட்கிறார்கள்?” என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்காகவே இப்பதிவு.

மைசூரு சயாஜி ராவ் சாலைக் கடைகளில் ‘ரேடியோ’ என்று கேட்டால், பெரும்பாலும் புளூடூத்தும் மெமரி கார்டுத் துளையும் வண்ண விளக்கும் கொண்ட ஒலிப்பெட்டிதான் கைக்கு வரும். அதில் பண்பலை ஓர் இலவச இணைப்பு. மத்திய அலை இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் சற்றே யோசித்துவிட்டு, மேல்தட்டிலிருந்து தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுப்பார். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு, அது எட்டும் தொலைவில் இருக்கிறது.

பண்பலை ஏறத்தாழப் பார்வைக்கோட்டில் செல்வது; மலை மறித்தாலும் தொலைவு மிகுந்தாலும் தேய்ந்துவிடும். மைசூரு வானொலியின் 100.6 இந்நகருக்குள் தெளிவாகக் கேட்கிறது என்றால் அது அருகில் இருப்பதால்தான். மத்திய அலையின் இயல்பு வேறு. பகலில் அது தரையை ஒட்டிப் பயணிக்கிறது. 612 கிலோஹெர்ட்ஸில் பெங்களூரு இங்கு வந்து சேர்வது அவ்வாறே. கதிரவன் மறைந்ததும், பகலில் இவ்வலைகளை விழுங்கிக்கொண்டிருந்த அயனமண்டலத்தின் கீழடுக்கு கலைந்துவிடுகிறது. அதற்கு மேலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்திறங்குகின்றன. கோவையின் 999, திருச்சியின் 936, சென்னையின் 720 ஆகியவை தமிழ் நேயர்கள் நெடுநாளாக அறிந்த எண்கள். எந்த இரவில் எது கிட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்று தேய, இன்னொன்று மேலெழும். நீலகிரிக்கு இப்பால் கன்னடச் சூழலில் வாழும் தமிழ் மாணவருக்கு, கட்டணமின்றித் தாய்மொழி வந்துசேரும் வழி இது. மொழியியல் படிப்போருக்கு இன்னொரு பயனும் உண்டு. முள்ளை ஒரு விரற்கடை நகர்த்தினால் கன்னடம், மலையாளம், தெலுங்கு, தமிழ் என நான்கு மொழிகளின் செய்தி நடையும் வேளாண் நிகழ்ச்சிகளின் வட்டாரப் பேச்சும் அடுத்தடுத்துக் காதில் விழும். 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கிவரும் ஊரில் இதைத் தனியே வலியுறுத்த வேண்டியதில்லை.

இந்த ஊருக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழையது. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசுவாமி, 1935இல் தம் வீட்டிலேயே ஒரு சிறு நிலையத்தைத் தொடங்கினார். அதன் பெயர் ஆகாசவாணி. 1940களின் தொடக்கத்தில் மைசூர் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. 1950களின் பிற்பகுதியில் அப்பெயர் நாடு முழுவதற்குமான ஒலிபரப்பின் பெயராயிற்று. (அந்தப் பெயரை மட்டுமே வழங்க வேண்டும் என்று 2023இல் பிரசார் பாரதி ஆணையிட்டபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்ததை நண்பர்கள் அறிவர். ‘வானொலி’ என்ற நம் சொல்லே எனக்கு உவப்பானது; ஆயினும் ஒரு பேராசிரியரின் வீட்டில் பிறந்த சொல் என்ற வகையில் மற்றதன் மீதும் எனக்குப் பகையில்லை.)

அக்காலத்தில் கேட்கும் கருவி மேசைமேல் அமர்ந்த மரப்பெட்டி. அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தியே அதனை வைத்துக்கொள்ள முடியும். வசதி படைத்தோர் வீட்டிலும் நகராட்சிப் பூங்காவிலும் மட்டுமே அது இருந்தது. டிரான்சிஸ்டர் வந்தபின்பே வானொலி மனிதரோடு நடக்கத் தொடங்கியது. 1954இல் அமெரிக்காவில் வெளிவந்த ரீஜென்சி டிஆர்-1இன் விலை ஏறக்குறைய 50 டாலர். அன்றைக்கு அது சிறு தொகையன்று. சோனி நிறுவனம் ‘பையில் அடங்கும் வானொலி’ என்று விளம்பரம் செய்துவிட்டு, அது வழக்கமான சட்டைப்பையில் அடங்காததால் தன் விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. அந்த முதல் சட்டைப்பைப் பெட்டிகளெல்லாம் மத்திய அலைப் பெட்டிகளே.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். ஓர் ஒலிபரப்பு முறை அழியும்போது முதலில் நிற்பது ஒலிபரப்பி அன்று. கடைகளில் அதைக் கேட்கும் கருவி அரிதாகிறது. பிறகு ‘நேயர் இல்லை’ என்ற காரணம் தானாகவே கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் மின்சாரக் கார் உற்பத்தியாளர்கள் சிலர் மத்திய அலையைக் கைவிட்டதும், எல்லா வண்டிகளிலும் அது இருக்கவேண்டும் என்று 2023இல் ஒரு சட்ட முன்வரைவையே கொண்டுவர நேர்ந்தது. நம் நாட்டில் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. டிஆர்எம் எனப்படும் எண்ணிம முறைக்கென நாடெங்கும் மத்திய அலையில் புதிய ஒலிபரப்பிகள் பொதுப் பணத்தில் நிறுவப்பட்டன. அவ்வொலிபரப்பைச் சாதாரணப் பெட்டியில் கேட்டால் வெறும் இரைச்சலே வரும். அதனை ஏற்கும் கருவி இலட்சக்கணக்கான புதிய கார்களில் பொருத்தப்பட்டுவிட்டது. சட்டைப்பையில் வைக்கத்தக்க, ஒரு கூலித் தொழிலாளி வாங்கத்தக்க விலையில் ஒரு கருவி மட்டும் இன்றுவரை பரவலாகக் கிடைக்கவில்லை. இரவுக் காவலரும் பீடி சுற்றுவோரும் வயலுக்குச் செல்வோருமே மத்திய அலையின் பழைய நேயர்கள். காரில் செல்வோருக்கு வேறு நூறு வழிகள் உண்டு.

செயலியில் எல்லாம் கேட்கலாமே என்பது வலுவான மறுப்புத்தான். கேட்கலாம்; கரகரப்பின்றி, இன்னும் தெளிவாகவே கேட்கலாம். ஆனால் அதற்கு ஒரு கைப்பேசியும் மாதந்தோறும் தரவுக் கட்டணமும் வேண்டும். நீங்கள் எதை, எத்தனை நிமிடம் கேட்டீர்கள் என்பது எங்கோ பதிவாகும். வானொலிப் பெட்டிக்கு உங்களைத் தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையைத் தாக்கியபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. அத்தகைய நாளில் இரண்டு பென்சில் செல்லில் இயங்கும் பெட்டியின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. பேரிடர்க் காலப் பயனைச் சுட்டி, கைப்பேசிகளில் பண்பலை வசதியை முடக்கிவைக்க வேண்டாம் என்று ஒன்றிய மின்னணு அமைச்சகமே 2023இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது.

ஆகவே கடைக்குச் செல்லும்போது சிலவற்றைக் கவனியுங்கள். பெட்டியின் முகப்பில் ‘ஏஎம்’ அல்லது ‘எம்டபிள்யூ’ என்று எழுதியிருக்க வேண்டும். சிற்றலையும் இருந்தால் இருக்கட்டும். அதற்கென அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். பிபிசி தமிழோசை 2017இல் வானொலியிலிருந்து விடைபெற்றபின் அங்கே தமிழ் நேயருக்கு மிஞ்சியிருப்பது குறைவு. மின்கலம் கழற்றி மாற்றத்தக்கதாக இருப்பது இன்றியமையாதது. பென்சில் செல் எனில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்; பழைய நோக்கியா கைப்பேசிகளின் பிஎல்-5சி வகை எனில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் கிடைக்கும். உள்ளேயே வைத்து ஒட்டிய மின்கலம் கொண்ட பெட்டி, அம்மின்கலம் சாகும் நாளில் தானும் சாகும்.

எண்திரை உள்ள பெட்டியா, முள் நகரும் பெட்டியா என்றால் நான் முள்ளின் பக்கம். தானாகத் தேடும் பெட்டிகள் வலுவான நிலையத்தில் மட்டும் நின்று, மெலிந்து ஒலிக்கும் தொலைதூர நிலையங்களைத் தாண்டிவிடுகின்றன. எண்திரைதான் வேண்டும் என்போர், அது 9 கிலோஹெர்ட்ஸ் படியில் நகர்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன 612, 720, 936, 999 அனைத்தும் ஒன்பதால் மீதியின்றி வகுபடுவதைக் கணித மாணவர்கள் கவனித்திருப்பீர்கள். அமெரிக்கச் சந்தைக்கான பெட்டி பத்துப் பத்தாகத் தாவும். 612க்குப் பதில் 610இல் போய் நிற்கும்.

கடைக்குள் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. எல்இடி விளக்கும் கைப்பேசி மின்னேற்றியும் மத்திய அலையில் பெரும் கரகரப்பை எழுப்புகின்றன. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு எடுத்துவந்து, 612இல் வைத்து, பெட்டியை மெல்லச் சுற்றுங்கள். மத்திய அலையை வாங்குவது வெளியே இழுத்து நீட்டும் ஏரியல் அன்று. உள்ளே கிடக்கும் ஃபெரைட் கம்பி. ஒரு திசையில் ஒலி ஓங்கும், அதற்குக் குறுக்கே திரும்பினால் ஒடுங்கும். அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால் பெட்டி நல்ல பெட்டி. விடுதி அறையில் அதன் இடம் சன்னலோரம். இரும்புக் கட்டிலின்மேல் வைத்துவிட்டுப் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள்.