பழி சோதனை மீதல்ல

"கொரோனா வார்டில் எடுத்த ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் பணம் பறிக்கும் வேலை" என்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளிக்கு அந்தக் கட்டணம் சுமைதான். லேசான காய்ச்சலுக்கு அடுக்கடுக்காகச் சோதனை எழுதுவதும் தவறுதான். ஆனால் 'எல்லாம்' என்பதை ஏற்க முடியாது.

நோய் முற்றும்போது ரத்தத்தில் லிம்போசைட் எனும் வெள்ளை அணுக்கள் குறைகின்றன; அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஃபெரிட்டின், ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் ஆகியவற்றின் அளவுகள் ஏறுகின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தியே நுரையீரலைத் தாக்கும் கட்டம் அது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2021-ல், அந்தத் தாக்குதலைத் தணிக்கும் டோசிலிசுமாப் மருந்து உயிர் காப்பதைக் காட்டியது. அதற்கு நோயாளிகளைத் தேர்ந்த அளவுகோல்கள் இரண்டு: ஆக்சிஜன் குறைவு, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மி.கி. அல்லது அதற்கு மேல். ரத்தம் பார்க்காமல் அந்த மருந்தை யாருக்கென்று கொடுப்பது?

திருவள்ளூர் மாவட்ட அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் இச்சோதனைகள் இலவசமாக, அன்றே கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள். சோதனையே வேண்டாம் என்பது ஏழையைக் காக்கும் வாதமல்ல.