சூரியனைச் சுற்ற 25,000 ஆண்டுகள்... 'ஒன்பதாவது கோள்' கணக்கைக் குழப்பும் குட்டி உலகம்!

சூரியனை ஒருமுறை சுற்றிவர பூமிக்கு ஓராண்டு, புளூட்டோவுக்கு 248 ஆண்டுகள். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட '2017 ஓஎஃப்201'-க்கோ சுமார் 25,000 ஆண்டுகள்! விஞ்ஞானிகள் தேடிவரும் 'ஒன்பதாவது கோள்' நிஜமாகவே இருக்கா என்ற கேள்வியை இதன் பாதை மறுபடி கிளப்பியிருக்கிறது.

யார் கண்டுபிடிச்சாங்க?

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பணியாற்றும் சிஹாவோ செங் தலைமையிலான குழு. சிலி, ஹவாய் தொலைநோக்கிகள் ஏற்கெனவே எடுத்திருந்த படங்களைக் கணினியில் அலசியபோது இது சிக்கியது. அகலம் சுமார் 700 கி.மீ. இருக்கலாம் என்பதால், குள்ளக் கோளாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்வதேச வானியல் ஒன்றியம் இதுவரை அங்கீகரித்த குள்ளக் கோள்கள் ஐந்துதான்.

இத்தனை நாள் ஏன் கண்ணில் படலை?

காரணம், அதன் பாதை. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் சுமார் 15 கோடி கி.மீ. அதைப்போல 44 மடங்கு தூரம் வரை சூரியனை நெருங்கும் இது, பிறகு 1,600 மடங்கு தூரத்துக்கும் அப்பால் போய்விடும்.

மேலே எறிந்த பந்து உயரப் போகப் போக வேகம் குறைவதுபோல, சூரியனை விட்டு விலக விலக இதுவும் மெதுவாகிவிடும். அதனால் நம் தொலைநோக்கிக்கு எட்டும் தூரத்தில் இருப்பது மொத்தப் பயணத்தில் 1 சதவீத காலம்தான். கடைசியாக சூரியனை நெருங்கியது 1930-ல். புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான்!

ஒன்பதாவது கோளுக்கு என்ன சிக்கல்?

நெப்டியூனுக்கு அப்பால் உள்ள சில பொருட்களின் நீண்ட பாதைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதை 2016-ல் கால்டெக் விஞ்ஞானிகள் பேட்டிஜின், பிரவுன் சுட்டிக்காட்டினர். கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய கோளின் ஈர்ப்புதான் காரணம் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் ஓஎஃப்201-ன் பாதை அந்தக் கூட்டத்தோடு சேரவில்லை. அப்படி ஒரு கோள் இருந்தால், 460 கோடி ஆண்டு வயதுள்ள சூரியக் குடும்பத்திலிருந்து இது எப்போதோ தூக்கி எறியப்பட்டிருக்கும் என்கிறது செங் குழுவின் கணக்கு. 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட '2023 கேக்யூ14'-ன் பாதையும் வேறு பக்கம்தான் நீள்கிறது.

அப்போ அந்தக் கோள் இல்லையா?

அப்படி முடிவு கட்ட முடியாது. கையில் இருப்பவை மிகச் சில பொருட்கள். சூரியனுக்கு அருகில் வரும்போது, அதுவும் நாம் தேடுகிற திசையில் இருந்தால் மட்டுமே இவை சிக்கும். அதனால் 'ஒரே பக்கச் சாய்வு' என்பதே நாம் தேடிய விதத்தால் வந்த தோற்றமாகவும் இருக்கலாம்.

இதற்கு விடை சிலியில் இருந்து வரலாம். 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம், தெற்கு வானத்தை 10 ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பப் படம்பிடிக்கப் போகிறது. அந்தக் கோள் நேரடியாகச் சிக்கலாம். சிக்காவிட்டாலும், புதிதாகக் கிடைக்கும் குட்டி உலகங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதே பதிலைச் சொல்லிவிடும்.